எர்லி ஆக்சஸ் கேம் படுத்துக்கொண்டால்: திட்டுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

எர்லி ஆக்சஸில், அதாவது செய்து முடிக்கும் முன்பே விற்பனைக்கு விடும் முறையில், புது கேம் ஒன்று வந்த அன்று ராத்திரி நம் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களைப் பார்த்தாலே போதும். எட்டு மணிக்கு "வாங்கிட்டேன்டா மாப்ள" என்று வரும். எட்டே முக்காலுக்கு "குப்பை கேம், காசு போச்சு" என்று வரும். ஒன்பது அடிப்பதற்குள் கட்டைவிரலைக் கீழே காட்டி ஒரு ரிவ்யூவும் போட்டாகிவிடும். அந்தத் திட்டில் ஒரு பங்கு கரண்டுக்கும், ஒரு பங்கு லேப்டாப் ஃபேனுக்கும் போக வேண்டியது. நியாயமாகக் கேமுக்கே போய்ச்சேரும் பங்கையும் யாருக்கும் உபயோகப்படாத மாதிரிதான் எழுதுகிறார்கள். தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, மாயவரம் பக்கம் கணினியில் ஆடுகிறவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். உங்கள் தொல்லை எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம்.

எர்லி ஆக்சஸ் வாங்குவது பூச்சு முடியாத வீட்டுக்குக் குடி போகிற மாதிரி. கணினி கேம்கள் விற்கும் இணையக் கடையான ஸ்டீமில் இந்த ஏற்பாடு 2013 மார்ச்சில் வந்தது. 'பால்டர்ஸ் கேட் 3' 2020 அக்டோபரில் இப்படி அரைகுறையாக இறங்கி, 2023 ஆகஸ்டில் முழுசாக வெளிவந்து பேர் வாங்கியது. 'கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம் 2' 2023 பிப்ரவரியில் இறங்கியபோது நல்ல கிராபிக்ஸ் கார்டிலும் திணறியது, கடைசிவரை முடிக்கப்படவேயில்லை. ஆகவே "எர்லி ஆக்சஸ்தானே, பொறுத்துக்கோ" என்பவரும் "எல்லாம் ஏமாத்து வேலை" என்பவரும் பாதிதான் சரி.

எல்லாவற்றுக்கும் முன்: ரீஃபண்ட் கடிகாரம்

வாங்கி 14 நாளுக்குள், ஆடிய நேரம் 2 மணிக்குக் குறைவாக இருந்தால் ஸ்டீம் பணத்தைத் திருப்பித் தரும். எர்லி ஆக்சஸுக்கும் இதே விதிதான். ஆடிய நேரம் என்று ஸ்டீம் எழுதுவது கேம் திறந்திருந்த மொத்த நேரத்தை. ஷேடர் (காட்சியை வரையும் சின்ன நிரல்கள்) தொகுக்கும் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தது, சர்வர் வரிசையில் நின்றது, மெனுவைத் திறந்துபோட்டுவிட்டுச் சாப்பிடப் போனது எல்லாம் அந்தக் கணக்கில் ஏறும். பிழை தேடித் தேடியே இரண்டு மணி நேரத்தையும் கரைத்தவர்கள் நிறைய பேர். அதனால் முதல் ஒரு மணி நேரத்தில் கதையை ரசிக்காதீர்கள். செட்டிங்ஸைப் பாருங்கள், கூட்டமான இடத்துக்குப் போய்ப் பாருங்கள், சேவ் செய்து வெளியே வந்து மறுபடி திறந்து பாருங்கள். தேறாது என்று பட்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். இரண்டு மணி தாண்டினாலும் கேட்டுப் பார்க்கலாம், தடை இல்லை. கிடைக்கும் என்று யாரும் சொல்ல முடியாது.

பிளே அழுத்தினால் ஒரு நொடி தலைகாட்டிவிட்டு மறைகிறது

இறங்கும்போது கரண்ட் போய்ப் போய் வந்திருந்தால் கோப்பு ஏதாவது கெட்டிருக்கும். ஸ்டீமில் கேமின் பெயர் மேல் ரைட் கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸில் இன்ஸ்டால்டு ஃபைல்ஸ் போய் வெரிஃபை கொடுங்கள். கெட்டதை மட்டும் மறுபடி இறக்கிக்கொள்ளும். அப்புறம் கிராபிக்ஸ் டிரைவர், அதாவது கிராபிக்ஸ் கார்டை இயக்கும் மென்பொருள். அதைக் கார்டு கம்பெனியின் தளத்திலிருந்தே எடுங்கள்.

லேப்டாப் என்றால் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். உள்ளே இரண்டு கிராபிக்ஸ் இருக்கும். புது கேமை விண்டோஸ் சில நேரம் சின்னதன் தலையில் கட்டிவிடும். செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, கிராபிக்ஸ் என்று போய் அந்தக் கேமுக்கு ஹை பெர்ஃபார்மன்ஸ் என்று குறித்துவிடுங்கள்.

விண்டோஸ் போடும்போது ஆசையாகத் தமிழில் பெயர் கொடுத்தவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. யூசர்ஸ் ஃபோல்டருக்குள் உங்கள் பெயர் தமிழ் எழுத்தில் இருந்தால், அந்தப் பாதையைப் படிக்கத் தெரியாமல் சத்தமில்லாமல் மூடிக்கொள்ளும் கேம்கள் உண்டு. அக்கவுண்ட் பெயரைப் பிறகு மாற்றினாலும் ஃபோல்டர் பெயர் மாறாது. ஆங்கில எழுத்தில் புதிதாக ஒரு லோக்கல் யூசர் உண்டாக்கி அதில் ஓட்டிப் பாருங்கள். ஓடினால் பழி முழுக்கக் கேமின் மேல்தான். தயங்காமல் எழுதிப் போடுங்கள். தமிழ்ப் பெயர் உள்ள கணினியில் அவர்கள் சோதித்திருக்க வாய்ப்பு குறைவு, நீங்கள் சொன்னால்தான் தெரியும்.

கேம் இல்லை, கணினியே அணைந்து மறுபடி எழுகிறது

கேம் மட்டும் மூடி டெஸ்க்டாப்புக்கு வந்தால் கேமைச் சந்தேகப்படலாம். மொத்தக் கணினியும் பட்டென்று அணைந்தால் முதலில் சுவரில் இருக்கும் பிளக்கையும் கரண்டையும் பாருங்கள். ஸ்டார்ட்டில் ஈவென்ட் வியூவர் என்று தேடி, விண்டோஸ் லாக்ஸ், சிஸ்டம் போனால், அணைந்த நேரத்துக்கு நேராக கெர்னல் பவர் 41 என்று ஒரு சிவப்பு வரி இருக்கும். அதன் டீட்டெயில்ஸில் பக்செக் கோடு பூஜ்யம் என்றிருந்தால், விண்டோஸுக்கு ஒரு வரி எழுதக்கூட அவகாசம் கிடைக்கவில்லை. அனேகமாகக் கரண்ட், எஸ்எம்பிஎஸ் (கணினிக்குள் பவர் கொடுக்கும் பெட்டி), அல்லது சூடு. பூஜ்யம் இல்லாமல் வேறு எண் இருந்தால் நீலத் திரை விழுந்திருக்கிறது. டிரைவர், ராம் பக்கம் தேடுங்கள்.

நம் ஊரில் முதல் சந்தேகம் வீட்டு இன்வெர்ட்டர் மேல். கரண்ட் போனதும் ஃபேனும் லைட்டும் ஒரு சிமிட்டலோடு தொடரும், கணினி மட்டும் அணைந்துவிடும். இன்வெர்ட்டரின் பின்பக்கம் அல்லது முகப்பில் யுபிஎஸ், ஈக்கோ என்று ஒரு சின்ன ஸ்விட்ச் இருக்கிறதா பாருங்கள். ஈக்கோவில் இருந்தால் பேட்டரிக்கு மாற எடுக்கும் நேரம் கணினிக்கு அதிகம். யுபிஎஸ் பக்கம் தள்ளுங்கள். அப்படியும் அணைந்தால் கணினிக்கென்று தனி யுபிஎஸ்தான் வழி.

இரண்டாவது சந்தேகம் லோ வோல்டேஜ். கோடையில் சுற்றுவட்டாரத்து போர் மோட்டார்கள் எல்லாம் ஒன்றாக ஓடும்போது டியூப்லைட் எரியத் தடுமாறும் தெருக்கள் உங்களுக்கே தெரியும். மலிவு எஸ்எம்பிஎஸ்கள் சும்மா இருக்கும்போது அதைத் தாங்கிக்கொள்ளும், கேமில் சண்டை சூடு பிடித்து கிராபிக்ஸ் கார்டு முழு பவரையும் இழுக்கும் நேரத்தில் கைவிரிக்கும். அதனால்தான் "இந்தக் கேம் போட்டாதான் ஆஃப் ஆவுது" என்று தோன்றுகிறது. மல்டிமீட்டரை வைத்து, மோட்டார் ஓடும்போதும் ஓடாதபோதும் பிளக்கில் அளந்து பாருங்கள். நடு ராத்திரியில் நன்றாக ஓடுகிற கேம் சாயங்காலம் மட்டும் படுத்தால் டெவலப்பரைத் திட்டிப் பயனில்லை.

லேப்டாப்காரர்கள் கரண்ட் போனதும் "பேட்ச்ல கெடுத்துட்டானுங்க, பாதி எஃப்பிஎஸ்தான் வருது" என்று ஆரம்பிப்பார்கள். பேட்ச் என்பது கேமுக்கு வரும் திருத்தம், எஃப்பிஎஸ் என்பது நொடிக்கு எத்தனை படம் திரையில் வருகிறது என்ற கணக்கு. பேட்டரிக்கு மாறியதும் கிராபிக்ஸ் கார்டு தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். எல்லா கேமிலும் அப்படித்தான்.

கொஞ்ச நேரம் நன்றாக ஓடிவிட்டுத் திக்க ஆரம்பிக்கிறது

இது சூடு. கத்திரி வெயிலில் மட்டும் வருவதாக நினைக்க வேண்டாம், தை மாசியிலும் வரும். சம்பா அறுப்புக்கு மெஷின் இறங்கும் நாட்களில் வலங்கைமான், நீடாமங்கலம் பக்கம் வயலை ஒட்டிய வீடுகளில் காற்றோடு நெல் சுணை வந்து எல்லாவற்றின் மேலும் படியும். மேஜையில் துடைத்துவிடுகிறோம். லேப்டாப் ஃபேன் அதை உள்ளே இழுத்துக்கொள்கிறது.

ஒரு தம்பி லேப்டாப்பை என்னிடம் கொண்டுவந்து, "அண்ணே, இந்தக் கேம் அப்டேட்டுக்கு அப்புறம் கட்டையில போச்சு. ரீஃபண்ட் டைமும் தாண்டிருச்சு, நெகட்டிவ் போட்டுட்டேன்" என்றான். அடிமூடியைக் கழற்றினால் ஃபேன் இறக்கைகள் பார்க்கச் சுத்தமாகத்தான் இருந்தன. ஃபேனையும் தூக்கிய பிறகுதான் தெரிந்தது. காற்று வெளியேறும் செப்புத் தகடுகளின் வாயில் சாம்பல் நிறத்தில் கம்பளித் துண்டு மாதிரி ஒரு படலம், நகத்தால் நெம்பியதும் ஒரே துண்டாக உரிந்து வந்தது. நடுவில் மஞ்சளாகச் சுணை. வெளியிலிருந்து புளோயர் அடித்திருந்தால் அது இன்னும் உள்ளே போய் இறுகியிருக்கும். "ரிவ்யூவ மாத்திரவாண்ணே?" என்று கேட்டான். மாற்றச் சொன்னேன். ஸ்டீமில் ரிவ்யூவை எப்போது வேண்டுமானாலும் திருத்தலாம்.

சோதிக்கும் முறை சுலபம். டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஆடுங்கள். திக்கும் அதே நேரத்தில் பிராசசரின் கிகாஹெர்ட்ஸ் சரிந்தால் சூடுதான். வெப்பநிலை காட்டும் இலவச மென்பொருள் எதிலாவது 95 டிகிரிக்கு மேல் போகிறதா என்றும் பாருங்கள். சுத்தம் செய்யும்போது ஃபேன் சுற்றாமல் பல்குத்தும் குச்சியால் பிடித்துக்கொண்டு புளோயர் அடியுங்கள். லேப்டாப்பின் பின்பக்கத்தை ஒரு விரல் உயரம் தூக்கி வையுங்கள், மெத்தை மேல் வைத்து ஆடாதீர்கள்.

இதில் கேமின் பங்கும் உண்டு. எர்லி ஆக்சஸ் கேம்கள் சிலவற்றில் எஃப்பிஎஸ்ஸுக்கு உச்சவரம்பு போட்டிருக்க மாட்டார்கள். வெறும் மெனுவிலேயே ஃபேன் அலறும். கேமுக்குள் அந்த வசதி இல்லை என்றால் டிரைவர் கண்ட்ரோல் பேனலில் 60 என்று கட்டுங்கள். பழைய லேப்டாப்புக்கு 45 கூடத் தப்பில்லை. நிலையான 45, ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும் 70ஐ விட எவ்வளவோ மேல்.

புது இடத்துக்குப் போகும்போதெல்லாம் ஒரு வெட்டு

முதல் தடவை வெட்டி, அதே இடத்துக்கு இரண்டாம் தடவை போனால் சரியாக ஓடுகிறதா? அப்போது ஷேடர் ஆடும்போதே தொகுக்கப்படுகிறது. அன்ரியல் எஞ்சின் என்ற கேம் செய்யும் மென்பொருளில் செய்த கேம்களில் அதிகம் பார்க்கலாம். இது உங்கள் கணினியின் குற்றம் இல்லை. ஷேடரை முன்கூட்டியே தொகுத்துக்கொள்ளச் செய்வது டெவலப்பர் (கேமைச் செய்தவர்) வேலை. தொடக்கத்தில் ஷேடர் தொகுக்கும் திரை வந்தால் பொறுமையாக முடியவிடுங்கள். டிரைவரைப் புதுப்பித்தால் அது மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும், அன்றைக்குத் திக்குவதை வைத்துக் கேமை மதிப்பிட வேண்டாம்.

வீடியோ மெமரி போதவில்லை என்று சொல்லி மூடுகிறது

கேமின் செட்டிங்ஸில் டெக்ஸ்சரை (பொருள்களின் மேற்பரப்புப் படங்கள்) ஒரு படி குறையுங்கள். பின்னால் திறந்திருக்கும் குரோமை மூடுங்கள். சி டிரைவில் இடம் சிவப்பில் இருந்தால் காலி செய்யுங்கள், விண்டோஸின் விர்ச்சுவல் மெமரிக்கு அந்த இடம் வேண்டும். பெரிய கார்டு வைத்திருந்தும் இதே பிழை வந்தால், உங்களுடையது இன்டெல் 13 அல்லது 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசசரா என்று பாருங்கள். அவற்றில் சில, அதிக வோல்டேஜால் உள்ளுக்குள் பழுதாகி, அன்ரியல் கேம்களில் இதே பொய்ச் செய்தியைக் காட்டின. 2024இல் இன்டெல் மைக்ரோகோடு (பிராசசரின் உள் நிரல்) திருத்தமும் உத்தரவாத நீட்டிப்பும் கொடுத்தது. மதர்போர்டில் இருக்கும் பயாஸ் மென்பொருளைப் புதுப்பியுங்கள். ஏற்கெனவே கெட்டதைத் திருத்தம் குணமாக்காது, பிராசசரையே மாற்ற வேண்டியிருக்கும்.

ஓடினால் பின்னுக்கு இழுக்கிறது, உள்ளேயே விடமாட்டேன் என்கிறது

சர்வர் தேர்வில் மும்பை இருந்தால் அது, இல்லாவிட்டால் சிங்கப்பூர். ஐரோப்பாவில் விட்டுவிட்டு லேக் என்று அழுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். வைஃபையை விட்டு ஒரு தடவை கேபிள் சொருகி ஆடிப் பாருங்கள். வீட்டில் ஒருத்தர் சீரியல் பார்க்கும்போது மட்டும் இழுத்தால் விஷயம் ரூட்டரில் இருக்கிறது.

வெளியீட்டு நாள் வரிசைக்கு மட்டும் மருந்து கிடையாது. 'பாத் ஆஃப் எக்ஸைல் 2' 2024 டிசம்பர் 6இல் எர்லி ஆக்சஸுக்கு வந்தபோது உலகமே வரிசையில் நின்றது. அதே கேமில் லோடிங் திரையில் மொத்தக் கணினியும் உறைவது தனிப் பிரச்சினை. ஆட்டக்காரர்கள் திட்டிக்கொண்டே ஒருவருக்கொருவர் ஒப்பிட்டுப் பார்த்து, டாஸ்க் மேனேஜரில் அஃபினிட்டி போய் பிராசசரின் ஓரிரு கோர்களை அந்தக் கேமுக்குக் கொடுக்காமல் விட்டால் உறையும்போது மீண்டு வர முடிகிறது என்று தற்காலிக வழி கண்டுபிடித்தார்கள். இந்த மாதிரிக் கோபம் எனக்குப் பிடிக்கும்.

அப்டேட் முடியவே மாட்டேன் என்கிறது

டவுன்லோட் முடிந்தும் டிஸ்க் மட்டும் ஓடிக்கொண்டிருந்தால் ஸ்டீம் பழைய கோப்பில் புதுத் துண்டுகளைச் சேர்த்துக்கொண்டிருக்கிறது. பழைய ஹார்டு டிஸ்கில் இது நீளும். நடுவில் அணைக்காதீர்கள், காலி இடம் வைத்திருங்கள். போன் டேட்டாவில் ஓட்டுகிறவர்கள் ஆட்டோ அப்டேட்டை ராத்திரி நேரத்துக்கு ஒதுக்குங்கள். நண்பன் ஒருவன் ஏற்கெனவே இறக்கிவிட்டானா? அவன் கணினியை வீட்டுக்குக் கொண்டுவரச் சொல்லி இரண்டையும் ஒரே ரூட்டரில் போடுங்கள். ஸ்டீமின் டவுன்லோட்ஸ் செட்டிங்கில் லோக்கல் நெட்வொர்க் வழியாகக் கேம் கோப்புகளை மாற்றும் வசதி 2023 முதல் இருக்கிறது. இரண்டு பக்கமும் அதைத் திறந்துவிட்டால் பெரிய கேமும் நெட்டைத் தின்னாமல் வந்துசேரும்.

சேவ் காணோம்

முதல் வேலை, கேமை மூடுவது. மறுபடி மறுபடி திறந்தால் இருக்கிற காப்பியின் மேலும் எழுதிவிடும். ஸ்டீம் கிளவுடா லோக்கலா என்று கேட்கும் பெட்டி வந்தால் அவசரத்தில் அழுத்தாதீர்கள், இரண்டின் தேதியையும் படியுங்கள்.

யூனிட்டி என்ற கேம் செய்யும் மென்பொருளில் செய்த கேம்கள் பெரும்பாலும் ஆப்டேட்டாவுக்குள் லோக்கல்லோ ஃபோல்டரில் வைக்கும். அன்ரியல் கேம்கள் ஆப்டேட்டாவின் லோக்கலுக்குள் கேமின் பெயரில் உள்ள ஃபோல்டரில், சேவ்டு என்ற இடத்தில் வைக்கும். ஆப்டேட்டா மறைந்திருக்கும், எக்ஸ்ப்ளோரரின் வியூவில் ஹிட்டன் ஐட்டம்ஸை டிக் செய்தால் தெரியும். சேவ் எழுதும் நொடியில் கரண்ட் போயிருந்தால் கோப்பின் அளவு 0 கேபி என்று நிற்கும். பக்கத்திலேயே பழைய பிரதி இருக்கிறதா பாருங்கள். 'வால்ஹெய்ம்' போன்ற கேம்கள் முந்தைய பிரதியை ஓல்டு என்ற வால் ஒட்டி விட்டுவைக்கும். மொத்த ஃபோல்டரையும் வேறு இடத்தில் நகலெடுத்துவிட்டு, பிறகு அந்த வாலை நீக்கிப் பாருங்கள்.

பேட்ச் வந்து சேவ் செல்லாமல் போவது வேறு. பால்டர்ஸ் கேட் 3இன் எர்லி ஆக்சஸ் சேவ்கள் முழு வெளியீட்டுக்கு வராது என்று அதன் டெவலப்பர்கள் முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். படிக்காமல் ஆடிவிட்டு ஏமாற்றினார்கள் என்பது சரியில்லை. சொல்லாமல் உடைத்தார்கள் என்றால் தாராளமாகத் திட்டலாம். பிராப்பர்ட்டீஸில் பீட்டாஸ் பக்கத்தில் முந்தைய பதிப்பு வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள், இருந்தால் பழைய சேவ் கோப்பை அதில் ஆடி முடித்துக்கொள்ளலாம். பெரிய அப்டேட்டுக்கு முந்தைய நாள் சேவ் ஃபோல்டரைப் பென்டிரைவில் போட்டுவைப்பது ஒரு நிமிஷ வேலை.

எல்லாம் பார்த்தாச்சு, பிழை கேமில்தான், கோபம் அடங்கவில்லை

கோபப்படுங்கள், காசு கொடுத்திருக்கிறீர்கள். ஆனால் இரண்டு இடங்களைக் குழப்பாதீர்கள். ரிவ்யூ என்பது இன்னும் வாங்காதவர்களுக்கு. பக் ரிப்போர்ட் என்பது டெவலப்பருக்கு. "வொர்ஸ்ட் கேம், கிராஷ் ஆகுது" என்ற வரி இருவருக்குமே உதவாது.

ரிப்போர்ட் இப்படி இருக்கட்டும்: "இந்த எண்ணுள்ள பதிப்பு. விண்டோஸ் 11, இந்தக் கார்டு, இந்த டிரைவர், 16 ஜிபி ராம். மழை பெய்யும்போது படகில் ஏறி மேப்பைத் திறந்தால் கேம் மூடுகிறது. மழை இல்லாதபோது மூடவில்லை. வெரிஃபை செய்துவிட்டேன். லாக் இணைத்திருக்கிறேன்." மழை இல்லாதபோது மூடவில்லை என்ற அந்த ஒரு வாக்கியத்துக்கு மதிப்பு அதிகம், தேடும் இடம் அதனால் சுருங்குகிறது. லாக் என்பது ஓடும்போது நடந்ததைக் கேம் குறித்துவைக்கும் கோப்பு. யூனிட்டி கேமில் லோக்கல்லோவுக்குள் அது பிளேயர் லாக் என்ற பெயரில் இருக்கும். கேமை மறுபடி திறந்துவிட்டால் அது பிளேயர் பிரெவ் என்று பெயர் மாறிவிடும், அதையும் அடுத்த தடவை திறக்கும்போது இழந்துவிடுவீர்கள். ஆகவே கிராஷ் ஆன உடனே நகலெடுங்கள். அனுப்பும் முன் நோட்பேடில் திறந்து பார்ப்பது நல்லது, உங்கள் விண்டோஸ் பெயர் உள்ளே இருக்கும். ஆங்கிலம் சுமாராக இருந்தாலும் பரவாயில்லை, வரிசை தெளிவாக இருந்தால் போதும்.

ரிவ்யூவில் எந்தக் கணினியில் எப்படி ஓடியது என்று எழுதுங்கள். எர்லி ஆக்சஸ் காலத்தில் எழுதியது என்று ஸ்டீமே அதில் குறித்துக் காட்டும். பிழை தீர்ந்த பிறகு போய் மாற்றுவதுதான் நம் ஆட்கள் பலரும் மறக்கிற காரியம். அதே மாதிரி, டெவலப்பர் ஒரு வாரம் பேசவில்லை என்பதற்காக அவர் குடும்பத்தை இழுப்பவர்களுக்கு நான் லேப்டாப் திறந்து பார்ப்பதில்லை.

மாதக்கணக்கில் அப்டேட்டே இல்லை

கேமின் ஸ்டீம் பக்கத்தைப் பாருங்கள். நீண்ட நாள் புதுப்பிக்காத எர்லி ஆக்சஸ் கேம் என்றால், கடைசி அப்டேட் வந்து எத்தனை மாதம் ஆயிற்று என்ற எச்சரிக்கையை 2025 முதல் ஸ்டீமே அங்கே போடுகிறது. அது தெரிந்தால் அடுத்த பேட்சுக்காகக் கிராபிக்ஸ் கார்டு வாங்கக் கிளம்ப வேண்டாம். இப்போது ஓடும் வரை ஆடுங்கள். அலுத்தால் சேவ் ஃபோல்டரை எடுத்து வைத்துவிட்டு அன்இன்ஸ்டால் செய்யுங்கள். கேம் லைப்ரரியிலேயே கிடக்கும், என்றைக்காவது உயிர் வந்தால் இறக்கிக்கொள்ளலாம். நண்பனுக்குப் பரிந்துரைக்கும் முன் மட்டும் அந்தப் பக்கத்தை ஒரு தடவை அவனையே திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.